கூத்துக் கசெட்டையும் கல்யாண வீடியோவையும் எந்த டிஸ்க்கில் அடிப்பது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்கள் வீட்டில் மூன்று வகை வீடியோ இருக்கிறது. 1990களின் கடைசியில் ஊர்க் கோயிலடியில் பெத்தப்பா (தாத்தா) அண்ணாவியாராக, அதாவது கூத்துப் பழக்கும் ஆசானாக நின்று ஆட்டுவித்த வடமோடி என்ற வகை நாட்டுக்கூத்து, இரண்டு விஎச்எஸ் கசெட்டில் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம். பெரியக்காவின் கல்யாணம், மினி டீவி (MiniDV) என்ற சின்னக் கசெட்டில் மூன்று. போன வருசம் தங்கச்சியின் கல்யாணத்தில் ஆளுக்காள் போனில் எடுத்தது ஒரு குவியல். மாமி கனடாவில், சித்தப்பா லண்டனில், மச்சான் சுவிஸில். மூன்று பேருக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும், பெத்தா (பாட்டி) இருக்கும்போதே அவவும் வீட்டு டிவியில் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில், கூத்து முழுவதையும் ஒரே டிவிடியில் அடித்துத் தரலாம் என்றார்களாம். அது சரியா, விசிடியா டிவிடியா புளூ-ரேயா, டிவிடி என்றால் மைனஸ் ஆரா (DVD-R) பிளஸ் ஆரா (DVD+R), எந்தக் கம்பனி டிஸ்க் என்பதுதான் கேள்வி.

ஒரே டிவிடியில் ஆறு மணித்தியாலம் அடிக்கலாம், ஓடவும் செய்யும். ஆனால் அடிக்க விடாதீர்கள். எந்த டிஸ்க் நல்லது என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு டிஸ்க்கில் எத்தனை மணித்தியாலம் போடுகிறோம் என்பதில்தான் படத்தின் தலையெழுத்து இருக்கிறது. அதைக் கணக்காகவே காட்டுகிறேன்.

சாதாரண டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று இருக்கும். கணினியில் போட்டால் 4.38 என்று காட்டும். கம்பனிக்காரர் ஆயிரத்தால் பெருக்கிச் சொல்கிறார், விண்டோஸ் 1024ஆல் பெருக்கிச் சொல்கிறது, அவ்வளவுதான். பிட் (கணினி எழுதும் ஆகச் சிறிய துண்டு, எட்டு சேர்ந்தால் ஒரு பைட்) கணக்கில் அது ஏறத்தாழ 3,760 கோடி. மெனு, இன்ன பிற சாமான்களுக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் கையில் 3,600 கோடி மிஞ்சும். இரண்டு மணித்தியாலம் என்றால் 7,200 செக்கன், அப்போது ஒரு செக்கனுக்கு 50 லட்சம் பிட், அதாவது 5 மெகாபிட். மூன்று மணித்தியாலம் என்றால் 3.3 மெகாபிட். ஆறு என்றால் 1.67 தான், அதற்குள் சத்தமும் அடங்க வேண்டும். பழைய விசிடி படமும் சத்தமும் சேர்த்து ஏறத்தாழ 1.4 மெகாபிட்டில் ஓடியது. ஆகவே அந்தக் கடைக்காரர் தரப்போவது டிவிடி உறைக்குள் ஒரு விசிடி.

கூத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், டிவிடி பாவிக்கும் எம்பெக்-2 முறை ஒவ்வொரு படத்தையும் முழுசாக எழுதுவதில்லை. அரைச் செக்கனுக்கு ஒரு தடவை முழுப்படத்தை எழுதும், இடையில் வரும் படங்களுக்கு மாறியதை மட்டும் எழுதும். ஆள் கதிரையில் இருந்து பேசுகிற வீடியோவில் வாயும் கையும்தான் மாறும், குறைந்த பிட்டிலேயே சமாளிக்கலாம். கூத்தில் அப்படியா? அரசன் கரப்புடுப்பு என்ற அகல விரிந்த உடுப்போடு வரவு ஆட்டத்துக்குக் களரியில் (ஆடும் மேடையில்) இறங்கிச் சுழன்று வரும்போது திரையில் மாறாத இடமே இல்லை. பிட் போதாவிட்டால் அந்த உடுப்பு முழுவதும் சதுரம் சதுரமாக உடையும், முகம் கலங்கும், காலில் சதங்கை இருப்பதே தெரியாது. சல்லாரி என்ற தாளத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு இரவில் எடுத்த விஎச்எஸ்ஸில் கறுப்பு இடமெல்லாம் புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டிருக்கும். எம்பெக்கிற்கு அந்த இரைச்சலும் ‘மாற்றம்’தான், அதை எழுதவும் பிட் செலவாகும். ஆதலால் அடிக்கும் முன் இரைச்சலை இலேசாகக் குறைக்கும் வடிகட்டியைப் போடச் சொல்லுங்கள். இலேசாக மட்டும். கூடப் போட்டால் முகங்கள் மெழுகு பூசினது போல் ஆகிவிடும்.

என் தீர்ப்பு இது: கூத்துக்கு மூன்று டிவிடி, ஒன்றுக்கு இரண்டு மணித்தியாலம். பெரியக்காவின் கல்யாணத்துக்கு இரண்டு டிவிடி, ஒன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம், அதில் 6.5 மெகாபிட் வரை கிடைக்கும். டிவிடியின் விதிப்படி படத்துக்கு 9.8 மெகாபிட் வரை போகலாம், ஆனால் அந்த உச்சிக்குப் போனால் பழைய பிளேயர்கள் திக்கும். எட்டுக்கு மேல் போகத் தேவையில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது, கடைகளில் பலருக்குத் தெரிவதில்லை. எங்கள் நாட்டு டிவி பாவிக்கும் பால் (PAL) முறையில் டிவிடியின் முழு அளவு 720க்கு 576 புள்ளி. 352க்கு 576 என்ற பாதி அகலமும் அதே விதியில் அனுமதிக்கப்பட்டதுதான். விஎச்எஸ் கசெட்டில் பக்கவாட்டில் இருப்பதே ஏறத்தாழ 240 கோட்டு விபரம். அதை 720 புள்ளியாக விரித்து எழுதுவது, ஒரு சுண்டு அரிசிக்குப் பெரிய கிடாரம் வைப்பது மாதிரி. பாதி அகலத்தில் எழுதினால் அதே பிட்டில் படம் உடையாமல் நிற்கும். கூத்தை இப்படித்தான் நான் அடிப்பேன். மினி டீவியில் உள்ள கல்யாணத்துக்கு இது சரிவராது, அதற்கு முழு அகலம் வேண்டும்.

விசிடி பற்றி. 1993இல் வந்த முறை அது. 352க்கு 288 புள்ளி, டிவிடிப் படத்தின் கால்பங்கு. ஒரு சீடியில் 74 தொடக்கம் 80 நிமிடம். 2000ஐ ஒட்டிய காலத்தில் எங்கள் பகுதியில் எல்லா வீட்டிலும் விசிடி பிளேயர்தான் இருந்தது, ஆகவே எல்லாரும் விசிடிதான் அடித்தோம். 2003இல் என் மூத்த அண்ணனின் கல்யாணத்தை நானே எடுத்து, நானே இரண்டு விசிடியாக அடித்தேன். கசெட் விலை கூடின காலம். அடித்தாயிற்றுத்தானே என்று அதே மினி டீவி கசெட்டுகளில் வேறொரு வீட்டு நிகழ்ச்சியை எடுத்துவிட்டேன். இன்றைக்கு அண்ணனின் கல்யாணத்தில் எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்த விசிடி மட்டும். தாலி கட்டும்போது அம்மா பின்னால் நிற்கிறா. பெரிய டிவியில் போட்டால் அவவின் முகம் நாலு சதுரமாகத் தெரிகிறது. அம்மா இப்போது இல்லை. எந்த மென்பொருளைக் கொண்டும் அந்த முகத்தைத் திரும்ப எடுக்க முடியவில்லை, எழுதப்படாத பிட் எங்கேயிருந்து வரும்? அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். டிவிடி அடித்து முடிந்தாலும் கசெட்டுகளை அழிக்காதீர்கள், எறியாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எஸ்விசிடி என்று இடையில் ஒன்று வந்து போனது, அதை விட்டுவிடுங்கள். இரட்டை அடுக்கு டிவிடி 8.5 ஜிபி பிடிக்கும். ஆனால் அடுக்கு மாறும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கும், பழைய பிளேயர் சிலது வாசிக்கவே மறுக்கும். இரண்டு ஒற்றை அடுக்கு டிஸ்க் அதைவிட நிம்மதி.

புளூ-ரே நல்லது, ஒரு அடுக்கில் 25 ஜிபி. ஆனால் உங்கள் கூத்தும் அக்காவின் கல்யாணமும் அந்தத் தரத்தில் எடுத்தவை அல்ல, புளூ-ரேயில் அடித்தால் படம் திருந்தாது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எத்தனை வீட்டில் புளூ-ரே பிளேயர் இருக்கிறது? தங்கச்சியின் கல்யாணத்துக்கு மட்டும்தான் அது பொருத்தம். மச்சான் வீட்டில் பிளேயர் இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். சோனி நிறுவனமே எழுதும் புளூ-ரே டிஸ்க் செய்வதை 2025 பெப்ரவரியோடு நிறுத்திவிட்டது. இனி வெறும் டிஸ்க் தேடிப் பிடிப்பது இன்னும் கஷ்டமாகும்.

இப்போது உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் கட்டாயம் தெரியவேண்டிய விசயம்: மாமி கனடாவில் இருக்கிறா. நாங்களும், லண்டனும், சுவிஸும் பால் முறை, செக்கனுக்கு 25 படம். கனடாவும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி, 720க்கு 480 புள்ளி, செக்கனுக்கு 29.97 படம். என்டிஎஸ்சி டிஸ்க்கைப் பால் நாட்டுப் பிளேயர்கள் அநேகமாக வாசித்துவிடும். மறுபக்கம் அப்படியில்லை. இங்கே அடித்த பால் டிவிடியை அங்குள்ள சாதாரண பிளேயரில் போட்டால் கறுப்பு வெள்ளையாக உருளும், இல்லையென்றால் டிஸ்க் பிழை என்று எழுதிக் காட்டும். கணினியில் போட்டால் பிரச்சினையில்லை. எத்தனையோ பேர் இங்கிருந்து செலவழித்து அனுப்பி, ‘நீங்கள் அனுப்பினது வேலை செய்யவில்லை’ என்று பதில் வந்து மனம் நொந்திருக்கிறார்கள். டிஸ்க்கில் பழுது இருந்திருக்காது. பிராந்திய எண்ணோடு இதைக் குழப்பவும் வேண்டாம். கனடாவுக்கு 1, இங்கிலாந்துக்கு 2 என்று அந்த எண் இருப்பது கடையில் விற்கும் படங்களுக்கு. வீட்டில் அடிக்கும் டிஸ்க்கில் அது போடப்படாது, எல்லா நாட்டிலும் திறக்கும்.

மாமிக்கு என்ன செய்வது? டிவிடியே வேண்டும் என்றால் என்டிஎஸ்சியாக மாற்றி அடிக்க வேண்டும். விஎச்எஸ்ஸும் மினி டீவியும் ஒன்றுவிட்டு ஒரு வரிசையாகப் பிரித்த 50 அரைப்படங்களைச் செக்கனுக்குப் பின்னிப்பின்னி வைப்பவை. முதலில் அவற்றைப் பிரித்து 50 முழுப்படமாக்கி, அதன் பிறகுதான் அளவையும் வேகத்தையும் மாற்ற வேண்டும். நேரே மாற்றினால் ஆட்டம் வெட்டி வெட்டி இழுக்கும், தாளத்துக்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்காது. கடைக்காரருக்கு இது பழக்கமில்லை என்றால் மாமிக்கு டிவிடியை விட்டுவிட்டு எம்பி4 கோப்பாகப் பென் டிரைவில் அனுப்புங்கள். இன்றைய டிவியில் செருகினால் ஓடும். சத்தத்தை மூன்று நாட்டுக்கும் டொல்பி முறையிலேயே எழுதச் சொல்லுங்கள், செக்கனுக்கு 192 கிலோபிட் போதும், 48 கிலோஹெர்ட்ஸ். பால் டிஸ்க்குக்கு இருக்கும் மற்றச் சத்த முறையை வட அமெரிக்கப் பிளேயர் வாசித்தே ஆகவேண்டும் என்ற விதி இல்லை. டொல்பியை எல்லாம் வாசிக்கும்.

அரைப்படம் என்றதால் இன்னொன்று. இரண்டு அரைப்படங்களில் எது முதலில் என்ற ஒழுங்கு உண்டு, ஃபீல்ட் ஓடர் என்பார்கள். மினி டீவியில் கீழ் வரிசை முதலில் வரும். விஎச்எஸ்ஸைக் கணினியில் இறக்கும் பல கப்சர் கருவிகள் மேல் வரிசையை முதலில் எழுதும். இரண்டையும் ஒரே அமைப்பில் போட்டு அடித்தால் ஆள் அசையாமல் நிற்கும்போது படம் நன்றாக இருக்கும், கை வீசினதும் முன்னும் பின்னும் உதறும். டிஸ்க்கை வாங்கினவுடன் பேசுகிற இடத்தைப் பார்க்காதீர்கள். ஓட்டுகிற, ஆடுகிற இடத்தைப் போட்டுப் பாருங்கள்.

கசெட்டிலிருந்து இறக்குவது பற்றிக் கொஞ்சம். முதலில் விஎச்எஸ் கசெட்டின் கண்ணாடி வழியாகச் சுருளைப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாக, மா தூவினது போல் தெரிந்தால் அது பூஞ்சணம். வாவி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், கார்த்திகை மார்கழி மழை வேறு, எங்கள் பகுதியில் அலுமாரிக்குள் கிடந்த கசெட்டுக்கு அது வராவிட்டால்தான் அதிசயம். அப்படி இருந்தால் டெக்கில் போடவே கூடாது. டெக்கின் வாசிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டு, நாடாவையும் கிழித்து, அடுத்ததாகப் போடும் கசெட்டுக்கும் பரவும். துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். சுத்தமான கசெட் என்றால் ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அதன்பின் கணினியில் பிடியுங்கள்.

மினி டீவியில் இருப்பது ஏற்கெனவே இலக்கமுறை வீடியோ. ஃபயர்வயர் கம்பியால் இறக்கினால் கசெட்டில் இருப்பது அப்படியே, ஒரு புள்ளி குறையாமல் வரும், மணித்தியாலத்துக்கு 13 ஜிபி. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயரால் இறக்கினால் தேவையில்லாமல் ஒரு தடவை கரைத்து வார்த்தது மாதிரி. யூஎஸ்பி வழியாகப் பல கேமராக்கள் குறைந்த தரத்தைத்தான் தரும். ஃபயர்வயர் உள்ள பழைய கணினி கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவே அந்தக் கடையை எடை போட நல்ல கேள்வி. மூன்று கசெட்டுக்கும் 39 ஜிபி வரும். கூத்தையும் அதே தரத்தில் பிடித்தால் 78. இரண்டும் சேர்த்து 117 ஜிபி, இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஒரு மூலை. இந்தக் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். டிவிடியை மட்டும் கையில் தந்து அனுப்ப விடாதீர்கள். டிவிடி பார்க்கிறதற்கு, வைத்திருக்கிறதற்கு இந்தக் கோப்பு.

போன் வீடியோவுக்குத் தனி நியாயம். முதலில், வட்சப்பில் வந்ததை எடுக்காதீர்கள், அது நசுக்கப்பட்டது. எடுத்தவரிடம் போய் மூலக் கோப்பைக் கேபிளால் எடுங்கள். போன்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 30 படம் எடுக்கும், அதுவும் சீராக இராது, வெளிச்சம் குறைந்தால் குறையும். அதை 25 ஆக்கிப் பால் டிவிடி அடித்தால் நடை நொண்டும், கொஞ்ச நேரத்தில் வாயசைவுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி விழும். முதலில் ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘மாறாத படவேகம்’ என்று கொடுத்து ஒருமுறை எடுத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். நிமிர்த்திப் பிடித்து எடுத்தவற்றுக்கு இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் வரும், அதை அப்படியே விடுங்கள், வெட்டினால் தலை போகும். உண்மையைச் சொன்னால் தங்கச்சியின் கல்யாணத்தை டிவிடி ஆக்கவே தேவையில்லை. நல்ல தரத்தில் இருப்பதைக் குறைத்துக் கொடுப்பானேன்? எம்பி4 ஆகப் பென் டிரைவில் போட்டு மூன்று பேருக்கும் அனுப்புங்கள்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். மைனஸ் ஆர் 1997இல் வந்தது, பிளஸ் ஆர் 2002இல். எழுதும் முறையில் வித்தியாசம் உண்டு, படத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. பழைய பிளேயர்கள் மைனஸ் ஆரைக் கூடுதலாக ஏற்கும், ஆகவே ஊரில் கொடுக்க மைனஸ் ஆர். பிளஸ் ஆரில், ‘நான் கடையில் விற்கும் டிவிடி’ என்று பிளேயரிடம் சொல்லும் அடையாளத்தை எழுத முடியும். அதைச் செய்யத் தெரிந்தவருக்குப் பிளஸ் ஆரும் நல்லதே. ஆர்டபிள்யூ என்று இருப்பதை வாங்காதீர்கள். அழித்து எழுதும் டிஸ்க் சோதித்துப் பார்க்க மட்டும், கொடுக்கவோ வைக்கவோ அல்ல. சோதனைக்கு மிக உதவும். முதல் பிரதியை அதில் அடித்து, வீட்டுப் பிளேயரில் முழுக்கப் பார்த்து, பிழை திருத்திவிட்டு நல்ல டிஸ்க்கில் அடியுங்கள்.

எந்தக் கம்பனி என்றால், உறையில் உள்ள பெயருக்கும் டிஸ்க்கைச் செய்தவருக்கும் பல நேரம் தொடர்பில்லை. ஜப்பானின் தாயோ யூடன் செய்த டிஸ்க்குகள் மிக நம்பிக்கையானவை, 2015 முடிவோடு அந்தத் தொழிலை விட்டுவிட்டார்கள். வெர்பாட்டிம் இன்னும் வருகிறது. அதை வைத்திருந்த மிட்சுபிஷி கெமிக்கல் 2019இல் தாய்வானின் சிஎம்சி நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. இம்ஜ்பேர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து வெறும் டிஸ்க்கைப் போட்டால் செய்தவரின் குறியீடு வலப்பக்கத்தில் தெரியும். மொத்தமாக வாங்கும் முன் ஒன்றை வாங்கி அதில் போட்டுப் பாருங்கள். பெயரோ உறையோ இல்லாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி விற்பதை, என்ன மலிவாக இருந்தாலும், இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

அடிக்கும்போது 16 மடங்கு வேகம் என்று போட்டிருந்தாலும் 8இல் அடியுங்கள், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆக மெதுவாக அடித்தால் நல்லது என்ற நம்பிக்கை தவறு. அதிவேகத்துக்கென்று செய்த சாயத்தில் (தகவல் பதிவது டிஸ்க்குக்குள் உள்ள இந்தச் சாயத்தில்தான்) மிக மெதுவாக எழுதினால் பிழை கூடவும் செய்யும். கரண்ட் ஒருமுறை மின்னினால் டிஸ்க் போச்சு, ஆகவே பற்றரி நிறைந்த லாப்டொப்பில் அடிப்பது நல்லது. முடிந்ததும் ‘சரிபார்’ என்ற தெரிவை விட்டுவிடாதீர்கள். எழுதிய முழுவதையும் திரும்ப வாசித்து ஒப்பிட்டுப் பார்க்கும், இன்னொரு பத்து நிமிடம். அதன் பிறகு டிஸ்க்கைச் சரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். எழுதின பகுதி உள்வட்டத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கறுத்த நிறமாக, சீராகத் தெரிய வேண்டும். இடையில் பட்டை பட்டையாக நிறம் மாறினாலோ, வெளி ஓரத்தில் புகை படிந்த மாதிரி மங்கலாக இருந்தாலோ அந்த டிஸ்க்கை அனுப்ப வேண்டாம். டிஸ்க் பெரும்பாலும் வெளி ஓரத்தில்தான் முதலில் பழுதாகும், அதனால் விளிம்புவரை நிரப்பாமல், கணினி காட்டும் கணக்கில் 4.3 ஜிபிக்குள் நிறுத்துவது என் வழக்கம்.

பெயர் எழுத ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. எங்கள் ஈரத்தில் ஒரு பக்கம் கிளம்பி, டிஸ்க் சமநிலை தப்பி, பிளேயருக்குள் உதறும். நீர் மையுள்ள மெல்லிய மார்க்கரால், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வெறும் வளையத்தில் எழுதுங்கள். பழைய சீடிகளில் இன்னும் கவனம் தேவை. டிவிடியில் சாயம் இரண்டு பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவில் இருக்கிறது. சீடியிலோ அது மேற்பக்கத்து மெல்லிய பூச்சுக்கு உடனே கீழே. அதனால் சீடியைப் பொறுத்தவரை பளபளக்கும் அடிப்பக்கத்தைவிட எழுதும் மேற்பக்கத்தில் விழும் கீறல்தான் மோசம். வீட்டில் பழைய விசிடி கிடந்தால் இந்தக் கிழமையே கணினியில் ஏற்றிவிடுங்கள்.

எழுதிய டிஸ்க்கை உறைக்குள் நிமிர்த்தி வையுங்கள், வெயில் படாமல். மூடி இறுகும் டின்னுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைக்கட் ஒன்றிரண்டு. ஆனாலும் நான் டிஸ்க்கை மட்டும் நம்ப மாட்டேன். மூலக் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் கல்முனைக் கரையோரத்திலும் இறந்தவரின் ஒரு போட்டோகூட மிஞ்சாத வீடுகள் இருந்தன. எல்லாம் ஒரே அலுமாரியில் இருந்தது. ஒன்றைச் சுவிஸ் மச்சானுக்கே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நான் ஏன் கூத்துக்கு டிவிடியையே சொல்கிறேன் என்பதற்கு இன்னொரு காரணம். ஒரு டிவிடியில் ஒரே படத்துக்கு எட்டுச் சத்தத்தடம் வரை வைக்கலாம். பெரிய கம்பனிகள் அதில் வேறு வேறு மொழி வைப்பார்கள். நீங்கள் பெத்தாவை வையுங்கள். கூத்தை லாப்டொப்பில் ஓடவிட்டு, மத்தளச் சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் ஒரு போனை வைத்து அவ சொல்வதைப் பதியுங்கள்: இது ஆர், எந்த வீட்டுப் பிள்ளை, ஆருக்குப் பதிலாக இவன் ஆடினான், பெத்தப்பா ஏன் அந்த இடத்தில் ஏட்டை மூடிவிட்டுத் தானே படித்தார். தொடக்கத்தில் திரையில் படம் வந்ததும் ஒரு கை தட்டச் சொல்லுங்கள், பிறகு பொருத்த உதவும். டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் அதை இரண்டாவது தடமாகச் சேர்க்கலாம். ரிமோட்டில் ஓடியோ பொத்தானை அமத்தினால் கூத்தின் சத்தம் போய் பெத்தாவின் குரல் வரும், திரும்ப அமத்தினால் மத்தளம் வரும். 192 கிலோபிட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு அவவின் குரல் பிடிக்கும் இடம் 173 எம்பி. டிஸ்க்குக்கு இரண்டு மணித்தியாலம் என்று நிறுத்தினால் அதற்குத் தாராளமாக இடம் இருக்கும்.